காற்பங்கும் முக்காற்பங்கும்

பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரப் பகுதியிலே, பாடங் கேட்டலைப் பற்றி ஒரு கணக்குச் சொல்லப்படுகின்றது. ஆசிரியன் உரைப்பதை மாணாக்கன் எவ்வளவு செவ்வையாக ஏற்றுக்கொண்டாலும் புலமையிற் காற்பங்கே அவன் கைக்கு வரும். உடன் பயில்வாரோடு கலந்து பயில்வதால் இன்னொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே நிரம்பும். ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளாகத் தமிழாசிரியர் வழிவழி ஓதிவந்த கணக்கு இது.

ஆசிரியனுக்கு இக்கணக்குச் சற்று மனத்தாங்கல் தருவதுதான். தொண்டை வறளக் கத்தினாலும் நம் பங்கு கால்தானா என்று தோன்றும். ஆயினும், 2020ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் நிகழ்ந்த இணையவழிக் கற்பித்தலை எண்ணுந்தோறும் முனிவர் கணக்கின் உண்மை புலனாகின்றது. அக்காலத்திற் பட்ட பாடெல்லாம் முதற் காற்பங்கைப் பிள்ளையிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கே செலவாயிற்று. மற்றை முக்காற்பங்கைப் பற்றிக் கவலைப்பட்டோர் சிலரே. இணையவழி ஆசிரியனுடைய கடமை யாது, அவனுக்குற்ற இடர்கள் யாவை என்பவற்றை இக்கணக்கையே கைவிளக்காகக் கொண்டு இங்கே ஆராய்வோம். அதற்கு ஊவா மாகாணத்துத் தோட்டப் பிள்ளைகளை முன்னிறுத்துவது பொருத்தம். வண்டி எருதின் வலிமை மேட்டிலே அன்றோ தெரியவரும்?

மலையும் அலையும்

கொவிட் பெருந்தொற்றின் பொருட்டு 2020 மார்ச் 13ஆந் திகதி நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டன. இடையிடையே திறப்பதும் மீண்டும் மூடுவதுமாக ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு கழிந்தது. 2021 ஒக்டோபர் 21ஆந் திகதிதான், இருநூறு பிள்ளைகளுக்குக் குறைந்த ஆரம்பப் பிரிவுகள் முதலாகப் படிப்படியாகத் திறக்கப்பட்டன. 2021ஆம் ஆண்டிற்குரிய க.பொ.த. உயர்தரப் பரீட்சை 2022 பெப்ரவரியிலும், சாதாரணதரப் பரீட்சை 2022 மே மாதத்திலும் நடந்தன என்பதிலிருந்தே காலம் எவ்வளவு பின்தள்ளப்பட்டது என்பதை அறியலாம். அவ்விடைக்காலத்திற் பாடங்கள் தொலைக்காட்சியில் இரு மொழிகளிலும் ஒளிபரப்பாயின. கல்வியமைச்சின் ஈ-தக்சலாவ என்னும் இணையத்தளத்தில் ஏற்றப்பட்டன. நாடோறும் நடந்த வகுப்புகளோ பெரும்பாலும் ஸூம், வாட்ஸ்அப் என்பவற்றின் வழியே சென்றன.

சமவெளியில் இவை ஒருவாறு இயன்றன. ஊவாவோ மலைநாடு. நமுனுகுலை 2000 மீற்றருக்கு மேல் உயர்ந்து நிற்கின்றது. பசறை, மடுல்சீமை, லுணுகலை, அப்புத்தளை, கொஸ்லந்தை எனத் தோட்டங்கள் யாவும் மலைச்சரிவுகளிலும் மடிப்புகளிலும் கிடக்கின்றன. வானொலி அலையாயினும் கைபேசி அலையாயினும் மலையின் மறைவிற் கிடக்கும் லயத்துக்கு நேரே வந்து சேர்வதில்லை. ஒரு லயத்தில் இஸ்தோப்பின் மேற்கு மூலையில் நின்றால் மட்டும் சிக்னல் கிடைக்கும்; இன்னொரு லயத்துக்கு மேலே கொழுந்து மடுவம் வரை ஏறவேண்டும்.

இஃது ஓர் இனத்தார்க்கு மட்டும் உற்ற துன்பமன்று. 2021 ஆகஸ்டில் உலகச் செய்தி நிறுவனமாகிய அசோசியேட்டட் பிரஸ் ஒரு செய்தி வெளியிட்டது. பொஹிட்டியாவ என்னும் குக்கிராமத்தில் ஓர் ஆசிரியையும் ஏறத்தாழ 45 பிள்ளைகளும், யானையும் சிறுத்தையும் திரியும் காட்டுவழியே மூன்று கிலோமீற்றருக்கு மேல் நடந்து, ஒரு பாறையின் உச்சியை அடைந்து இணைய வகுப்பை நடத்தினர். லுணுகலைப் பக்கத்திலே, மலையுச்சிக் காட்டில் நிலத்திலிருந்து முப்பதடி உயரத்தில் அமைந்த மரவீட்டுக்குப் பெற்றோர் பிள்ளைகளை அழைத்துச் சென்றனர். அங்கே முறைவைத்து ஏறிப் பாடங்களைப் பெற்றுக்கொண்டனர். கல்விக்காகப் பாறையேறிய அப்பிள்ளைகளின் ஊக்கத்தை உலகம் மெச்சிற்று. மெச்சத்தக்கதே, ஆயினும், ஏற இயலாமற் கீழே நின்றுவிட்ட பிள்ளைகளைப் படம்பிடித்தார் யாருமில்லை.

ஒரு காம்பராவும் ஒரு கைபேசியும்

லயத்துக் காம்பராவின் நிலை நேயர்கள் அறியாததன்று. அடுப்பும் படுக்கையும் படிப்பும் ஏறக்குறைய ஒரே கூரையின்கீழ் ஒரே அறையில் நடப்பன. வீட்டுக்கு ஒரு திறன்பேசி இருந்தால் அதுவே பெரிது. அதனையும் தந்தை வேலைக்குப் போகையிற் சட்டைப்பையில் இட்டுச் சென்றுவிடுவார். காலை எட்டு மணிக்கு ஆசிரியர் வகுப்பைத் திறக்கும் வேளையில் அக்கைபேசி தேயிலை மலையிலோ பதுளைப் பட்டணத்திலோ இருக்கும். மாலையில் அது வீடு திரும்பும்போது, ஆறாம் வகுப்பும் ஒன்பதாம் வகுப்பும் பதினோராம் வகுப்பும் அதனைச் சூழ்ந்துகொள்ளும்.

செலவும் சிறிதன்று. தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2020இல் 700 ரூபா. 2021 மார்ச்சிலேதான் அது சட்டப்படி 1000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. ஒரு திறன்பேசி பல வாரத்து வியர்வையின் விலை. அதனை வாங்கிய பின்னும் டேட்டா என்னும் தீராத் தீனி போட்டாகவேண்டும். ஒரு மணி நேரக் காணொளி வகுப்பு நூற்றுக்கணக்கான மெகாபைட்டை விழுங்கிவிடும். கணினி உடைமையைப் பற்றிய அரசின் கணக்கெடுப்புகள் நகரம், கிராமம், தோட்டம் என மூன்றாகப் பகுப்பன. அவற்றிற் கடைநிலையில் நிற்பது தோட்டமே.

முகங் காணா வகுப்பு

இவை மாணவன் பக்கத்து இடர். ஆசிரியன் பக்கத்து இடர் வேறு வகையானது. பாடஞ் சொல்வோன் காலமும் இடமும் அறிந்து, சொல்லப்போகும் பொருளை உள்ளத்தில் ஒழுங்குபெற அமைத்து, விரைவும் வெகுளியும் இன்றி முகமலர்ந்து, கேட்போன் எவ்வாறு ஏற்கின்றான் என்பதை அறிந்து சொல்லவேண்டும் என்பதும் நன்னூலின் விதியே. இவற்றுள் இறுதியிற் கூறியதுதான் ஆசிரியத் தொழிலின் உயிர். 'கல்' என்பதனோடு 'தூண்' சேர்ந்தால் என்னாகும் என்று வகுப்பிற் கேட்டவுடன், யாருடைய உதடு அசைகின்றது, யார் அடுத்தவன் ஏட்டைப் பார்க்கின்றான், யார் சன்னலுக்கு வெளியே நோக்குகின்றான் என்பதெல்லாம் ஒரு நொடியில் நமக்குத் தெரிந்துவிடும். தெரிந்தபடியே அடுத்த சொல்லை அமைக்கின்றோம்.

இணைய வகுப்பில் இந்தக் கண் பறிபோகின்றது. டேட்டா செலவுக்கு அஞ்சிப் பிள்ளைகள் தம் முகத்தை மறைத்துவிடுவர். ஆசிரியர் காண்பது முப்பது கருஞ்சதுரங்களும் அவற்றுள் முப்பது பெயர்களும். மௌனம் விளங்கியதன் அறிகுறியா, விளங்காததன் அறிகுறியா, பிள்ளை அங்கே இல்லாததன் அறிகுறியா என்று அறிய வழியில்லை. வாட்ஸ்அப்பிற் கேட்டாலோ, ஒருவன் 'கற்றூண்' என்று எழுதியனுப்பிய மறுகணமே முப்பதின்மரும் 'கற்றூண்' என்று அனுப்புவர். முப்பது சரியான விடைகளைப் பெற்றும், எத்தனை பேருக்கு விளங்கிற்று என்பது ஆசிரியருக்குத் தெரியாது. ஓசை நைந்து வரும் இணைப்பிலே லகர ளகர ழகர வேறுபாட்டைக் கற்பிப்பதன் அருமையைச் சொல்லவும் வேண்டுமோ?

தொலைக்கல்வியை ஆராய்ந்த மைக்கேல் மூர் என்னும் அமெரிக்க அறிஞர், ஆசிரியனுக்கும் மாணவனுக்கும் இடைப்பட்ட தொலைவை மைற்கணக்கால் அளத்தல் ஆகாது என்றார். இருவரிடையே உரையாடல் குறையுந்தோறும் பெருகுவதே அத்தொலைவு என்பது அவர் கொள்கை. பசறையிலுள்ள ஆசிரியரும் பசறையிலுள்ள பிள்ளையும் ஒரு மைல் இடையிட்டிருந்தும், கடல் கடந்தவர் போலாயினமைக்கு அதுவே காரணம்.

நான்கு உவமைகள்

ஆசிரியர் ஆகத் தகாதவரை நன்னூல் நான்கு பொருள்களுக்கு ஒப்பிடுகின்றது. அவை கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு என்பன. அங்கே அவை மனிதரின் குணக்குறைகள். இணைய வகுப்பிலோ ஆசிரியர் எத்துணை நல்லவராயினும் கருவியின் இயல்பே அவரை இந்நான்கனுள் ஒன்றாக்கிவிடக் கூடும்.

கழற்காய் நிறைந்த குடத்தைக் கவிழ்த்தால் இட்ட முறையின்றி எல்லாம் ஒருங்கே கொட்டும். காலையில் இருபது பக்கக் குறிப்பும் நான்கு காணொளியும் மூன்று வினாத்தாளும் ஒருங்கே வந்து விழும் வாட்ஸ்அப் குழு அத்தகையது. மடற்பனை தானாகப் பழத்தை உதிர்த்தாலன்றித் தன்மேல் ஏறிப் பறிக்க விடாது. ஒளிபரப்பாகும் பாடமும் அதுவே. அது பேசும், அதனிடத்தில் ஐயம் கேட்க இயலாது. பருத்தியை அடைத்த குண்டிகை சிறிது சிறிதாகவே உள்ளதை வெளியே விடும். மழைநாளில் அறுந்தறுந்து வரும் இணைப்பிற் பாடங் கேட்ட பிள்ளைக்கு இவ்வுவமையை விளக்க வேண்டியதில்லை.

நான்காவதே நெஞ்சைச் சுடுவது. முடத்தெங்கு ஒருவர் முற்றத்தில் வளர்ந்து, அவர் வார்த்த நீரை உண்டு, வேலிக்கு அப்பால் வளைந்து அயலார் முற்றத்திற் காய்களை உதிர்க்கும். நம் நாட்டின் இலவசக் கல்வி, தேயிலையின் வருவாயிலும் வளர்ந்த மரம். இணைய வகுப்பு என்று வந்தபோது அதன் காய், நல்ல இணைப்பும் தனியறையும் உள்ள வீட்டின் முற்றத்திலே விழுந்தது. நீர் வார்த்தவன் பிள்ளை அண்ணாந்து பார்த்து நின்றான். அவ்வாறு நின்றவருட் சிலர் பாடசாலை திறந்த பின்னும் திரும்பி வரவில்லை. கொழும்புக் கடைகளிலும் பிறர் வீடுகளிலும் அவர்கள் வேலைக்கு அமர்ந்துவிட்டனர்.

மறந்துபோன முக்காற்பங்கு

இனி மருந்தைக் காண்போம். கருவி சுமப்பது ஆசிரியனுடைய காற்பங்கை மட்டுமே. அதையும் குறைபடவே சுமக்கின்றது. எனவே இணையவழி ஆசிரியனின் முதன்மையான கடமை, தன் காற்பங்கைச் சுருக்கமாகவும் ஒழுங்காகவும் கொடுத்துவிட்டு, மற்றை முக்காற்பங்கு நடைபெறுவதற்கு வழிசெய்தலாகும். சொல்வோனாக மட்டும் அமையாது, சொல்ல வைப்போனாகவும் அவன் ஆகவேண்டும்.

இது புதுமையன்று. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களிற் சட்டாம்பிள்ளை இளையோர்க்குப் பாடஞ் சொல்வான். சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் பள்ளியொன்றை நடத்திய அந்திரு பெல் என்னும் ஆங்கிலத் திருச்சபைப் பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டு, மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் முறையைத் தம் பள்ளியில் அமைத்தார். 1797இல் அதனை நூலாக வெளியிட்டார். சென்னை முறை என்னும் பெயரோடு அது இங்கிலாந்திற் பரவிற்று. நம் தோட்டப் பள்ளிக்கூடத்தின் வரலாறும் இதற்குச் சான்று. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின்மேல் வைத்தது. எழுந்த பள்ளிகளோ பெரும்பாலும் ஓர் அறையும் ஓர் ஆசிரியருமாக இருந்தன. ஐந்து வகுப்புகளை ஒருவர் எப்படி நடத்தினார்? மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தே நடந்தது. வறுமையால் வந்த முறையேயாயினும் நன்னூலின் அரைப்பங்கு அதிலே மறைந்திருந்தது.

இணையவழிக் கல்வியை ஆராய்ந்த கனடா நாட்டு அறிஞர் காரிசன், அண்டர்சன், ஆர்ச்சர் என்போர் 2000ஆம் ஆண்டில் ஒரு கோட்பாட்டை வெளியிட்டனர். ஆசிரியரின் முன்னிலை, உடன் கற்பாரின் முன்னிலை, சிந்தனையின் முன்னிலை என்னும் மூன்றும் கூடினால்தான் தொலைவிலும் கல்வி நிகழும் என்றனர். மூவரும் நன்னூலைக் கற்றவரல்லர். உண்மை ஒன்றாதலின் வழி வேறாயினும் ஓரிடத்தில் வந்து கூடிற்று.

தோட்டத்துக்கு இவ்வகையில் ஒரு பேறு உண்டு. நகரத்துப் பிள்ளை தன் வீட்டில் தனியே இருக்கின்றான். லயத்துப் பிள்ளைக்கோ சுவருக்கு அப்பால் ஒரு பிள்ளை, அதற்கப்பால் இன்னொரு பிள்ளை. அலை எட்டாத இடத்திலும் அயலான் குரல் எட்டும். ஆதலின் நான்கு பிள்ளைகளுக்கு ஒரு கைபேசி என்றாலும் வகுப்பு நடக்கும். இணைப்புள்ள பிள்ளை பாடத்தைப் பெற்று மற்றை மூவருக்கும் எடுத்துரைக்கட்டும். கைபேசி இல்லாப் பிள்ளை தான் விளங்கிக்கொண்டதைத் தன் குரலிற் பதிந்து ஆசிரியருக்கு அனுப்பட்டும். ஒரு நிமிடக் குரற்பதிவு ஒரு மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். அறுந்த இணைப்பிலும் பையப்பைய வந்து சேரும்.

ஓர் எடுத்துக்காட்டு. 'கற்றூண்' எப்படி வந்தது என்று முப்பது பேரையும் கேளாது, நும் தோட்டத்தில் வழங்கும் சொற்களில் இரண்டு சேர்ந்தமைந்தவற்றைத் தேடுக என்று சொல்வோம். ஒருத்தி 'மலைப்பாதை' என்பாள். ஒருவன் 'மலையருவி' என்பான். ஒன்றிலே பகரம் மிகுந்ததும் மற்றொன்றிலே யகரம் வந்ததும் ஏன் என்று அவள் தன் தம்பிக்கு விளக்குவதைக் குரலாக அனுப்பச் செய்வோம். வருமொழி முதலில் உயிர் நிற்பதையும் மெய் நிற்பதையும் அவள் தன் வாயாற் சொல்லிவிட்டால் அவ்விதி அவளுக்கு என்றும் மறவாது. படியெடுத்து அனுப்பவும் இயலாது. குரல் அவரவர்க்கே உரியதன்றோ! வகுப்பிலே நாற்பது பேருக்கு நடுவில் வாய் திறவாத கூச்சமுள்ள பிள்ளை, கைபேசியின் முன் தெளிவாகப் பேசுவதையும் ஆசிரியர் கேட்கலாம். இது நேர்வகுப்பிலும் எளிதிற் கிட்டாத நன்மை.

இத்துடன் சில நியமங்களும் வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு பாடப்பொருளே அனுப்பப்படவேண்டும். முன்னது பின்னது என்னும் எண் அதன்மேல் இருத்தல் வேண்டும். விடை கேட்கும் வேளை, பெற்றோர் வேலை முடிந்து கைபேசியோடு வீடு திரும்பும் வேளையாக இருத்தல் வேண்டும். இணைப்பே இல்லாத பிள்ளைக்குப் பாடம் தாளில் அச்சாகிச் செல்லவேண்டும். எல்லாவற்றினும் முக்கியமானது, விடை அனுப்பாதவர் பெயரை வாரந்தோறும் குறித்தல். அனுப்பியவரைப் பாராட்டுதல் எளிது. மூன்று வாரம் ஓசையின்றி இருக்கும் பிள்ளையின் லயத்துக்கு ஆள் அனுப்பி, என்ன நேர்ந்தது என்று கேட்பதே ஆசிரியப் பணி.

ஆசிரியரின் சுமை

இவ்வளவையும் ஆசிரியர் ஒருவரே சுமக்க இயலுமோ என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. கைபேசியும் டேட்டாவும் தம் பணத்தில் வாங்கியோரும், இரவு பதினொரு மணிக்கும் பிள்ளைகள் அனுப்பிய மங்கலான படங்களைப் பெருக்கிப் பெருக்கித் திருத்தியோரும் நம் ஆசிரியர்களே. 2021 ஜூலை 12 முதல் ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகி நின்றன. நெடுங்காலச் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கவேண்டும் என்பது அவற்றின் தலையாய கோரிக்கை. ஒக்டோபர் இறுதியிலேதான் அவர்கள் பணிக்குத் திரும்பினர். யார் பக்கம் நியாயம் என்னும் வழக்கு ஒருபுறமிருக்க, இணையக் கல்வி முழுவதும் ஆசிரியரின் மனவிருப்பம் என்னும் ஒற்றைத் தூணில் நின்றமை அந்நாட்களில் வெளிப்பட்டது. ஆசிரிய பயிற்சியிலே இணையவழிக் கற்பித்தலுக்கு உரிய இடம் தருதலும், பாடசாலைக்கு டேட்டா செலவு அளித்தலும், தோட்டந்தோறும் பொது இடமொன்றில் இணைப்பு அமைத்தலும் அரசின் கடன். பிள்ளைகள் ஒருவர்க்கொருவர் கற்பித்துக்கொள்வர் என்று சொல்லி அக்கடனிலிருந்து யாரும் நழுவுதல் கூடாது. முக்காற்பங்கு நடக்கவேண்டுமாயின் முதற் காற்பங்கு வந்து சேர்ந்தாகவேண்டும்.

பெருந்தொற்று நீங்கிற்றே, இனி இவ்வாராய்ச்சி எதற்கு என்பாரும் உளர். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டாற் பாடசாலைகள் மீண்டும் மூடப்பட்டன; மின்வெட்டினால் இணையமும் இருண்டது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையிற் பதுளை மாவட்டத்து மலைகள் சரிந்து பாதைகள் அடைபட்டன. மலைநாட்டிற் பாடசாலைக்கும் பிள்ளைக்கும் இடையே பாதை அறுவது அரிய நிகழ்ச்சியன்று. அடுத்த முறை அறுமுன்னரே, நால்வர் நால்வராகப் பிள்ளைகளைச் சேர்த்துப் பழக்கி வைத்தல் அறிவுடைமை. பெருந்தொற்றின்போது ஒன்றுகூடுதற்கு இருந்த தடை இப்போது இல்லை.

இதனைப் படிக்கும் உயர்தர வகுப்பு மாணவர்க்கும் இலக்கிய வட்டத்தினர்க்கும் ஒன்று சொல்லி முடிப்போம். நீங்கள் கற்றதன் அரைப்பங்கு இன்னும் உங்களிடம் வந்து சேரவில்லை. அது பட்டணத்து வாசிகசாலையில் மட்டும் கிடைப்பதன்று. சனிக்கிழமை பிற்பகலிலே இரண்டு மணி நேரம் ஒரு லயத்து இஸ்தோப்பில் அமர்ந்து, நான்கு பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிப் பாருங்கள். ஆசிரியர் தம் காற்பங்கைக் கைபேசியில் அனுப்பிவைப்பார்.